வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்



புதிய நுண்ணுயிர்களை எங்கே தேடுகிறார்கள், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் இரண்டு எண்களைச் சொல்லிவிடுகிறேன். முறைப்படி விவரிக்கப்பட்டு, பெயர் சூட்டப்பட்ட பாக்டீரியா, ஆர்க்கியா இனங்கள் இன்று இருபதாயிரத்துக்குச் சற்று மேல். பூமியில் மொத்தம் எத்தனை இனங்கள் இருக்கும் என்பதற்கான மதிப்பீடுகளோ சில லட்சங்களில் தொடங்கி ஒரு லட்சம் கோடி வரை போகின்றன. அந்த மேல் எல்லை 2016-ல் லோசி, லெனன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு. பலர் அதை ஏற்கவில்லை. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், நாம் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய நுண்ணுயிர்கள் மிகச் சிறிய பகுதிதான்.

இன்று நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு நுண்ணுயிரின் மரபணு எழுத்துகளைப் படித்துவிட்டால் அதை அறிந்துகொண்டோம் என்று ஆகாது. அதன் இடத்திலிருந்து அதைக் கொண்டுவர வேண்டும். அது கேட்கும் உணவைக் கொடுக்க வேண்டும். அதன் வேகத்துக்குக் காத்திருந்து வளர்க்க வேண்டும். வளர்த்த பிறகு அழியாமல் வைத்துக் காக்க வேண்டும். இந்த வேலைக்குக் கிடைக்கும் பணமும் குறைவு, பெயரும் குறைவு. ஆனால் நுண்ணுயிரியலில் நிலைத்து நிற்கும் கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

நுண்ணுயிரை முதலில் கண்ணால் பார்த்தவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக். 1670-களிலும் 1680-களிலும் தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாகக் குளத்து நீரையும், மிளகு ஊறிய நீரையும், தன் பல்லிடுக்கில் சுரண்டியதையும் பார்த்தார். பார்த்ததை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதங்களாக எழுதினார். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் நுண்ணுயிர்களைப் பார்க்க முடிந்ததே தவிர, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து வளர்க்க நம்பகமான வழி இல்லை. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார், ஜெலட்டினில் வளர்த்தார். ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதையே தின்று நீராக்கிவிடும்.

இதைத் தீர்த்து வைத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி, கணவரின் ஆய்வுகளுக்குப் படம் வரைந்து கொடுத்தவர். நியூயார்க்கில் பிறந்த அவர், ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டை வீட்டாரிடமிருந்து அகார் அகார் என்ற கடற்பாசிப் பொருளைச் சமையலில் பயன்படுத்தக் கற்றிருந்தார். 1881-ல் அதை நுண்ணுயிர் வளர்க்கும் ஊடகத்தில் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். அகார் உருகக் கிட்டத்தட்டக் கொதிநிலை வேண்டும். ஒரு முறை உறைந்துவிட்டால் உடல் வெப்பநிலையிலும் உறைந்தே நிற்கும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்ன முடியாது. நம் பள்ளிகளில் இன்றும் கோக்கின் பெயரையும், வளர்ப்புத் தட்டுக்குப் பெயர் தந்த பெட்ரியின் பெயரையும் சொல்லித் தருகிறோம். ஃபேனி ஹெஸ்ஸேயின் பெயரைச் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தர வேண்டும். மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் முங்கி எடுக்கிறார்களே மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, அவற்றிலிருந்தும் அகார்தான் எடுக்கிறார்கள். உலகத்தின் நுண்ணுயிரியல் அந்தப் பாசியின் மேல்தான் நின்றது என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

திட ஊடகம் நமக்குக் காசநோய்க் கிருமியைக் காட்டியது, காலராக் கிருமியைக் காட்டியது. கூடவே ஒரு தவறான நம்பிக்கையையும் கொடுத்துவிட்டது: தட்டில் வளர்பவைதான் உலகில் இருப்பவை என்ற நம்பிக்கை. கடல் நீர் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து எண்ணுங்கள். அதே அளவு நீரைத் தட்டில் தடவி, வளரும் காலனிகளை எண்ணுங்கள். நுண்ணோக்கியில் ஆயிரம் தெரிந்தால் தட்டில் ஒன்றோ இரண்டோ, பல நேரம் அதுவும் இல்லை. 1985-ல் ஸ்டேலியும் கொனோப்காவும் இந்த முரண்பாட்டுக்கு ஒரு பெயரே வைத்தார்கள். மண்ணிலும் நீரிலும் இருப்பவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தட்டில் வருவதில்லை என்பது அதற்குப் பிறகு பாடநூல் வாசகம் ஆகிவிட்டது.

ஏன் வருவதில்லை? சிலவற்றுக்கு நாம் கொடுக்கும் சாறு அளவுக்கு மீறிய விருந்து. பட்டினியிலேயே வாழப் பழகியவை அவை. சில தனியாக வாழத் தெரியாதவை, பக்கத்து உயிர் விடும் கழிவுதான் அவற்றின் சாப்பாடு. சில மிக மெதுவாக வளர்பவை. நம் ஆய்வகங்களில் மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று கழுவப் போட்டுவிடுகிறோம். இன்னொரு காரணத்தை 2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சியாக இருந்தது. அகாரையும் பாஸ்பேட்டையும் ஒன்றாகக் கலந்து, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அது பல நுண்ணுயிர்களை வளர விடுவதில்லை. இரண்டையும் தனித்தனியாகச் சூடாக்கிப் பிறகு கலந்தால் காலனிகள் கூடுகின்றன, புதிய இனங்களும் வருகின்றன. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் எல்லோரும் ஒன்றாகப் போட்டுத்தான் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தோம். வளர்க்க முடியாதவை என்று ஒதுக்கிய உயிர்களில் சிலவற்றுக்கு நாமேதான் நஞ்சு வைத்திருக்கிறோம்.

இப்போது மரபணு வழிக்கு வருவோம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் என்பவர் எல்லா உயிர்களிலும் இருக்கும் ஒரு மூலக்கூறைத் தேர்ந்தெடுத்தார். செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் உள்ள 16 எஸ் ஆர்.என்.ஏ. அது. மெதுவாக மாறுவது, ஆகவே இரண்டு உயிர்களின் உறவு எவ்வளவு தூரம் என்று அளக்க ஏற்றது. அன்று வரிசை படிக்கும் இயந்திரம் கிடையாது. அந்த ஆர்.என்.ஏ. துண்டுகள் எக்ஸ்ரே படலத்தில் பதித்த புள்ளிகளை விளக்குப் பலகையில் வைத்து ஆண்டுக்கணக்கில் தனியாகப் படித்தார். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் புள்ளிகள் பாக்டீரியாக்களோடும் சேரவில்லை, நம்மைப் போன்ற உட்கருவுள்ள உயிர்களோடும் சேரவில்லை. 1977-ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் மூன்றாவது பெரும் கிளை ஒன்று இருக்கிறது என்று அறிவித்தார்கள். அதைத்தான் இன்று ஆர்க்கியா என்கிறோம். இதைப் பலர் பல ஆண்டுகள் நம்பவில்லை.

பிறகு நார்மன் பேஸ் என்பவர், உயிரை வளர்க்காமலேயே மண்ணிலிருந்தும் வெந்நீர் ஊற்றிலிருந்தும் இந்த மூலக்கூறை நேரடியாக எடுத்துப் படிக்கலாம் என்று காட்டினார். கதவு திறந்தது. அதுவரை எவரும் பார்த்திராத, பெயரில்லாத கூட்டங்கள் வரிசை வரிசையாக வந்தன. இன்று ஒரு கைப்பிடிச் சேற்றில் இருக்கும் எல்லா டி.என்.ஏ.வையும் ஒரே மூச்சில் படித்து, கணினியில் துண்டு துண்டாகப் பொருத்தி, முழு மரபணுத் தொகுதிகளை மீட்டெடுக்கிறார்கள். இந்த வழியை நான் குறைத்துச் சொல்லவில்லை. இது இல்லாவிட்டால் எதைத் தேட வேண்டும் என்றே நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஓர் ஊரின் வாக்காளர் பட்டியலை முழுதும் படித்தவர் அந்த ஊர்க்காரர்களை அறிந்தவர் ஆகிவிடமாட்டார். பெயர் தெரியும், வயது தெரியும். யார் எதைச் சாப்பிடுகிறார்கள், யாரோடு யாருக்கு உறவு என்பது தெரியாது.

கடலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் ஜியோவன்னோனியும் அவரது குழுவும் 1990-ல் சர்காசோ கடல் நீரில் ஒரு புதிய மரபணு வரிசையைக் கண்டார்கள். சார்-11 என்று குறித்து வைத்தார்கள். பிறகு எந்தக் கடலில் தேடினாலும் அது இருந்தது. கடல் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்ச் செல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இதுதான். பூமியிலேயே மிக அதிகம் இருக்கும் உயிர்களில் ஒன்று, ஆனால் அதை ஒருவரும் வளர்த்ததில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2002-ல் வளர்த்தார்கள். எப்படி? சத்துச் சாறுகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, கடல் நீரையே வடிகட்டிக் கிருமி நீக்கி ஊடகமாக வைத்தார்கள். வளர்ப்புப் பலகையின் ஒவ்வொரு குழியிலும் சில செல்கள் மட்டும் விழும்படி மேலும் மேலும் நீர்க்கச் செய்து பிரித்தார்கள். கலங்கல் தெரியும் என்று காத்திராமல், சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் ஒவ்வொரு குழியாக எண்ணிப் பார்த்தார்கள். பெலாஜிபாக்டர் யுபிக் என்று பெயரிட்டார்கள். தனித்து வாழும் உயிர்களில் மிகச் சிறிய மரபணுத் தொகுதிகளில் ஒன்று அதற்கு இருக்கிறது; சுமார் 13 லட்சம் எழுத்துகள்தான்.

பிறகு இன்னொன்று தெரியவந்தது. கடல் முழுக்கச் சல்பேட் கரைந்து கிடக்கிறது. அந்தக் கந்தகத்தை எடுத்துப் பயன்படுத்த இந்த உயிருக்கு வழியில்லை. மிதவைப் பாசிகள் விடும் வேறு வகைக் கந்தகச் சேர்மங்களை நம்பித்தான் வாழ்கிறது. அந்தக் குறையை மரபணு காட்டிக் கொடுத்தது. உண்மைதானா என்று சோதிக்க உயிரோடு வளரும் செல்கள் கையில் இருக்க வேண்டியிருந்தது. இரண்டு வழிகளும் கைகோத்தபோதுதான் கடல் கொஞ்சம் புரிந்தது.

உப்பளத்துக்கு வருகிறேன், இது நமக்கு நெருங்கிய இடம். 1980-ல் வால்ஸ்பி என்ற ஆங்கிலேயர் சினாய் தீபகற்பத்தில் ஓர் உப்புக் குட்டையின் நீரை நுண்ணோக்கியில் பார்த்தார். தபால்தலை போலச் சதுரமாக, காகிதத்தைவிட மிக மெல்லியதாக ஓர் உயிர் மிதந்தது. சதுர வடிவில் ஒரு செல் இருக்கும் என்று அதுவரை யாரும் எண்ணியதில்லை. உலகின் பல உப்பளங்களில் அது பெருங்கூட்டமாக வாழ்கிறது என்று பின்னர் தெரிந்தது. ஆயினும் வளர்க்க முடியவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, 2004-ல், ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவும் நெதர்லாந்தில் ஒரு குழுவும் தனித்தனியே வளர்த்தன. மாய மந்திரம் ஒன்றுமில்லை. உணவைக் குறைத்தார்கள், வாரக்கணக்கில் பொறுத்தார்கள், அவ்வளவுதான். ஹாலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியி என்று முதலில் பார்த்தவரின் பெயரையே வைத்தார்கள்.

தூத்துக்குடியிலோ மரக்காணத்திலோ வேதாரண்யத்திலோ உப்புப் பாத்திகளில் நீர் வற்றி இறுகும்போது இளஞ்சிவப்பாக மாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உப்பை விரும்பும் ஆர்க்கியாக்களும் துனாலியெல்லா என்ற பாசியும் கொடுக்கும் நிறம் அது. உப்பளத் தொழிலாளி அந்த நிறத்தைப் பார்த்தே பாத்தியின் பக்குவத்தைச் சொல்லிவிடுவார். அந்த நிறத்துக்குள் எத்தனை இனங்கள் இருக்கின்றன, அவற்றில் எவை இன்னும் பெயர் பெறாதவை என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2015-ல் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து தைஸ் எட்டமாவின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே, லோகியின் கோட்டை என்று பெயரிடப்பட்ட ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுப் பகுதியின் வண்டலில் ஒரு புதிய ஆர்க்கியாக் கூட்டத்தின் மரபணுக்களைக் கண்டார்கள். அவற்றில் நம் செல்களில் மட்டுமே இருப்பதாக நினைத்திருந்த மரபணுக்கள் இருந்தன. செல்லுக்கு எலும்புக்கூடு போல் இருக்கும் ஆக்டினுக்கு உறவான புரதம், செல்லுக்குள் சவ்வுகளை வளைக்கும் புரதங்கள். அப்படியானால் மனிதன், மாமரம், காளான் எல்லாம் எந்தக் கிளையிலிருந்து பிரிந்து வந்தனவோ, அந்தக் கிளைக்கு இது மிக அருகில். உலகம் முழுவதும் பேசினார்கள். இந்த உயிர் உள்ளுக்குள் அறைகள் கொண்டதாக இருக்கும், மற்றவற்றை விழுங்கும் திறமை உள்ளதாக இருக்கும் என்றெல்லாம் ஊகித்தார்கள். ஆனால் அதன் செல்லை ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 2006-ல், ஜப்பானின் ஹிரோயுகி இமாச்சி என்ற ஆய்வாளர் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். ஷின்காய் 6500 என்ற ஆழ்கடல் ஊர்தியில் நான்காய் அகழியை ஒட்டிய ஒமினே மேட்டில், 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து சேறு எடுத்து வந்தார்கள். கடலடியில் மீத்தேன் கசியும் இடம் அது. அந்தச் சேற்றில் வாழ்பவற்றை அவசரமில்லாமல் வளர்த்துப் பார்ப்பதே நோக்கம். அந்தப் புதிய ஆர்க்கியாக் கூட்டத்துக்குப் பின்னர் வந்த லோகி என்ற பெயரே அப்போது இந்தத் துறையில் இல்லை.

அவர் எடுத்துக்கொண்ட கருவி கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக ஜப்பானில் உருவானது. பஞ்சுத் துண்டுகளைத் தொங்கவிட்டு, மேலிருந்து நீர் மெல்லச் சொட்டி இறங்கும்படி செய்யும் கலன். ஏழை நாடுகளில் மலிவாகச் சாக்கடை நீரைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்பதற்காக வந்தது. நம் ஹரியானா மாநிலத்தின் கர்னாலில் வைத்து அதைச் சோதித்தும் இருக்கிறார்கள். பஞ்சின் துளைகளுக்குள் நுண்ணுயிர்கள் அடித்துச் செல்லப்படாமல் தங்கும். பெருகுவதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்பவையும் பிழைக்கும். இமாச்சி ஆழ்கடல் சேற்றை அந்தப் பஞ்சில் ஏற்றினார். 10 டிகிரி குளிரில், ஆக்சிஜன் இல்லாமல், மீத்தேனை மட்டும் கொடுத்து 2,000 நாட்களுக்கு மேல் ஓட்டினார். ஐந்தரை ஆண்டுகள்!

பிறகு அந்தக் கலனிலிருந்து சிறு கண்ணாடிக் குழாய்களுக்கு மாற்றி, பலவித உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளாதபடி ஆன்டிபயாட்டிக் சேர்த்தார்கள். பால் புரதத்தைச் சிதைத்து எடுத்த அமினோ அமிலங்கள் போட்ட ஒரு குழாயில், ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு, லேசாகக் கலங்கல் தெரிந்தது. அதற்குள் இருந்தது லோகியின் உறவுக்காரன். அதைத் திரும்பத் திரும்ப மாற்றி, கூட இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். சாதாரணமாக நம் குடலில் வாழும் ஈ.கோலை நல்ல ஊடகத்தில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இந்த உயிர் ஒரு முறை இரட்டிப்பாக 14 முதல் 25 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. ஒரு சோதனையின் முடிவைப் பார்க்க மூன்று மாதம். சேறு எடுத்ததிலிருந்து எண்ணினால் மொத்தம் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2020 ஜனவரியில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. புரோமீத்தியோஆர்க்கியம் சின்ட்ரோபிகம் என்று பெயர் வைத்தார்கள்.

வளர்ந்த பிறகு என்ன தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். ஊகித்தவர்கள் சொன்ன அறைகள் உள்ளே இல்லை. மிகச் சிறிய, எளிய உருண்டைச் செல். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் வளர்ச்சி முடியும் தறுவாயில் அதிலிருந்து நீண்ட, கிளைவிட்ட கைகள் புறப்படுகின்றன. அது தனியாகவும் வாழ்வதில்லை. அமினோ அமிலங்களைச் சிதைக்கும்போது வரும் ஹைட்ரஜனை அருகில் இருக்கும், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்று எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளாவிட்டால் இதனால் பிழைக்க முடியாது. ஆகவே இமாச்சியும் அவருடைய குழுவும் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார்கள். நம் செல்களின் மூதாதை தன் கூட்டாளியை வாயால் விழுங்குவதுபோல் விழுங்கவில்லை, இப்படிப்பட்ட கைகளால் பின்னிப் பிணைத்துக் காலப்போக்கில் உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அந்தக் கருத்து. இது சரியா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. கைகளைப் பற்றி மரபணுப் பட்டியல் எதுவும் சொல்லவில்லை என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. அந்தச் சேற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டு சம்பளமும் மின்சாரமும் கொடுத்த நிறுவனத்தையும் நான் இங்கே பாராட்ட வேண்டும். மூன்றாண்டுத் திட்டம், ஆண்டுக்கு ஒரு அறிக்கை என்ற நம் வழக்கத்தில் இது நடந்திருக்காது.

கண்ணுக்குத் தெரியாததுதான் நுண்ணுயிர் என்பதும் இப்போது முழு உண்மை இல்லை. கரீபியனில் குவாடலூப் தீவின் அலையாத்திக் காட்டில், நீரில் அழுகிக் கிடந்த இலைகளின் மேல் வெள்ளை நூல்களாக ஒன்று தொங்குவதை ஒலிவியே குரோ என்பவர் கண்டார். 2022-ல் அது ஒரே செல் கொண்ட பாக்டீரியா என்று உறுதியானது. பெயர் தயோமார்கரிட்டா மாக்னிஃபிகா, நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அதை இன்னும் ஆய்வகத்தில் நிலையாக வளர்க்க முடியாததால், அதன் வாழ்க்கை பாதி மறைவாகவே இருக்கிறது.

அலையாத்திக் காடு என்றால் நமக்குப் பிச்சாவரம் இருக்கிறது. அங்கே உப்பு நீரில் வளரும் காட்டு நெல் ஒன்றுண்டு. உப்பில் இந்தப் பயிர் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்ட சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதன் வேரில் தேடினார்கள். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் கிடைத்தன. 2004-ல் ஒரு புதிய பேரினத்துக்குச் சுவாமிநாதனியா என்று பெயரிட்டார்கள். 2010-ல் மாங்ரோவிபாக்டர் என்ற இன்னொரு பேரினம் வந்தது. புதிய இனம் என்பது பெரிய விஷயம். புதிய பேரினம் அதைவிடப் பெரிய விஷயம். நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒரு நுண்ணுயிரைப் புதியது என்று சொல்வதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 16 எஸ் வரிசை தெரிந்த இனங்களோடு ஏறத்தாழ 98.7 விழுக்காட்டுக்குக் கீழே ஒத்திருந்தால் புதிதாக இருக்க நல்ல வாய்ப்பு. முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டால் 95, 96 விழுக்காடு என்பது எல்லைக்கோடு. அது தொடக்கம்தான். எந்த வெப்பத்தில் வளரும், எவ்வளவு உப்பைத் தாங்கும், எந்தச் சர்க்கரையைத் தின்னும், அதன் சவ்வில் என்ன கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு லத்தீன் முறையில் பெயர். பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு காப்பகங்களில் ஒப்படைத்திருக்க வேண்டும். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் நிலையில் அது இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்.

காரணம் சொல்கிறேன். 1966-ல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து 70 டிகிரி வெப்பத்தில் வளரும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தார்கள். தெர்மஸ் அக்வாட்டிகஸ். பிராக் அதை எந்தப் பயனுக்காகவும் தேடவில்லை. உயிர் எவ்வளவு வெப்பம் வரை தாங்கும் என்று அறியத்தான் தேடினார். ஆனால் மாதிரியை அமெரிக்க வளர்ப்புக் காப்பகத்தில் ஒப்படைத்தார். அது அங்கே அமைதியாக இருந்தது. 1983-ல் கேரி மல்லிஸ் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்க வேண்டியிருந்ததால் நொதி அழிந்துகொண்டே இருந்தது. வெப்பத்தைத் தாங்கும் நொதி எங்கே? காப்பகத்தில் இருந்த பிராக்கின் பாக்டீரியாவில். கொரோனா நாட்களில் நம்மில் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரி, அந்த நொதியின் வழியில் வந்த வேதியியலால்தான் சோதிக்கப்பட்டது. பி.சி.ஆர். உரிமைகளை ஒரு மருந்து நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. ஊற்று இருந்த பூங்காவுக்கு அதில் ஒரு காசு கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964-ல் கனடா நாட்டுக் குழு ஒன்று ஈஸ்டர் தீவின் மண்ணை எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியா ஒன்றிலிருந்து ராபமைசின் என்ற மருந்தைப் பிரித்தவர்களில் முதன்மையானவர் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த சுரேன் சேகல். 1980-களின் தொடக்கத்தில் மான்ட்ரியால் ஆய்வகம் மூடப்பட்டு, திட்டமும் கைவிடப்பட்டபோது, அவர் அந்த உயிரைச் சில குப்பிகளில் எடுத்துக்கொண்டு போய் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். 1999-ல் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது மருந்தாக அனுமதி பெற்றது. ஒருவர் வீட்டில் வைத்துக் காத்திராவிட்டால் எத்தனை உயிர்கள் போயிருக்கும்!

நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? ஒவ்வோர் ஆண்டும் முதுகலை, முனைவர் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் நுண்ணுயிர்களைப் பிரிக்கிறார்கள். ஆய்வேடு முடிகிறது. பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். உறைபெட்டி பழுதாகிறது, சரிசெய்யப் பணமில்லை. நான் அறிந்த ஒரு கல்லூரியில் கோடை விடுமுறையில் மின்சாரம் போய், இருபதாண்டுச் சேகரிப்பு மொத்தமும் கெட்டுப் போனது. அதில் என்ன இருந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பல்லுயிர்ச் செல்வத்தை வெளியார் சுரண்டாமல் இருக்க 2002-ல் சட்டம் கொண்டுவந்தோம். அதை நடத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. யெல்லோஸ்டோன் கதையைக் கேட்ட பிறகு அந்தச் சட்டம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வேண்டும். அதே சமயம், புதிய இனத்துக்குப் பெயர் வைக்க ஒரு மாதிரியை வெளிநாட்டுக் காப்பகத்தில் ஒப்படைத்தே ஆக வேண்டிய ஆய்வாளருக்கு அனுமதி எளிதாகவும் விரைவாகவும் கிடைக்க வேண்டும். காசுக்காக எடுத்துச் செல்பவரையும் பெயர் வைக்க ஒப்படைப்பவரையும் ஒரே வரிசையில் நிற்க வைப்பது சரியில்லை.

வளர்க்க முடியாது என்ற பேச்சுக்குப் பதிலாக இன்னும் ஒரு முயற்சியைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவா எப்ஸ்டைனும் கிம் லூயிஸும், மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதில் ஆய்வகத்தை மண்ணுக்குக் கொண்டு போனார்கள். நூற்றுக்கணக்கான நுண்துளைகள் உள்ள ஒரு சிறு தகட்டில், துளைக்கு ஒரு செல் வீதம் வைத்து, இருபுறமும் சவ்வால் மூடி, எடுத்த மண்ணிலேயே திரும்பப் புதைத்தார்கள். செல் வெளியேற முடியாது, மண்ணின் சத்து உள்ளே வரும். தட்டில் நூற்றுக்கு ஒன்று வளர்ந்த இடத்தில் ஏறக்குறையப் பாதி வளர்ந்தது. மெய்ன் மாநிலப் புல்வெளி ஒன்றின் மண்ணில் இப்படிக் கிடைத்த எலெஃப்தீரியா டெர்ரேயிலிருந்து 2015-ல் டெய்க்சோபாக்டின் என்ற புதுவகை ஆன்டிபயாட்டிக் வந்தது. அந்தத் தகடு பெரிய செலவில்லாதது. நம் கல்லூரி மாணவர்களாலும் செய்ய முடியும்.

மாணவர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். தட்டை மூன்றாம் நாள் கழுவாதீர்கள்; ஒரு மாதம் வையுங்கள், முடிந்தால் மூன்று மாதம் வையுங்கள். எங்கே, எந்த நாள், எந்த ஆழத்தில், எந்த வெப்பத்தில் மாதிரி எடுத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள்; அந்தக் குறிப்பு இல்லாத உயிருக்கு ஊரில்லை. பிரித்ததில் புதிதாகத் தோன்றுவதைப் புனேயில் இருக்கும் தேசிய நுண்ணுயிர் வள மையத்துக்கோ, சண்டிகரில் இருக்கும் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் காப்பகத்துக்கோ அனுப்பி ஒப்படையுங்கள்.

பெரியவர்களே, நிர்வாகத்தில் இருப்பவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதிய கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, கல்லூரிக்கு ஒரு நல்ல உறைபெட்டியும், மின்சாரம் போனால் ஓடும் ஜெனரேட்டரும், அதைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆளும் கொடுங்கள். இந்த ஆண்டே கொடுங்கள்.